ஹாஸ்டலுக்கு மூட்டை கட்டுறீங்களா? வாசகர் கேள்வி பதில்

கவுன்சலிங் முடிந்து இடம் கிடைத்த வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பதில்களில் சிலது அம்மாக்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

மகளுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்திருக்கிறது. நாலு பேர் தங்கும் அறை. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் சொன்னதையெல்லாம் வாங்கிக் கூடத்தில் குவித்ததில் இப்போதே ஆறு பை ஆகிவிட்டது. "குடித்தனமா வைக்கப் போறா?" என்று வீட்டுக்காரர் கத்துகிறார். எதை எடுப்பது, எதை விடுவது?
— வாசகி, சங்கரன்கோவில்

வீட்டுக்காரர் கத்துவதில் ஞாயம் இருக்கிறது, இந்த ஒரு தடவை நான் அவர் பக்கம்தான். நாலு பேர் அறையில் உங்கள் மகளுக்கென்று கிடைக்கப்போவது ஒரு கட்டில், அதற்கு அடியில் இருக்கும் இடம், படிக்க ஒரு மேஜை, சுவரலமாரியில் ஒரு பாகம், அவ்வளவுதான். கூடத்தில் குவித்திருப்பதை உங்கள் வீட்டுக் கட்டில் ஒன்றுக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். எது வெளியே நிற்கிறதோ அது அங்கேயும் வெளியேதான் நிற்கும், அதுவும் மற்ற மூன்று பெண்கள் நடக்கிற வழியில்.

இன்னும் எதையாவது வாங்குவதற்கு முன்னால், கல்லூரி கொடுத்த விடுதி விதிமுறைத் தாளை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பணம் எவ்வளவு கட்டணும் என்ற பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை மடித்து வைத்துவிடுகிறோம். மெத்தை அவர்களே தருகிறார்களா, துப்பட்டா கட்டாயமா, ஜீன்ஸ் போடலாமா, துவைக்க மெஷின் இருக்கிறதா, சாப்பாட்டுத் தட்டு நாம் கொண்டுபோக வேண்டுமா எல்லாம் அதில்தான் இருக்கும். அதில் இல்லாததை வார்டனுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், தப்பில்லை. இப்படிக் கேட்டாலே ஒரு பை குறையும்.

மெத்தையை ஊரிலேயே வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விடுதிக் கட்டில் பெரும்பாலும் 6 அடிக்கு 3 அடி, சில இடங்களில் அகலம் இரண்டரை அடிதான் இருக்கும். மூன்றடி மெத்தையை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டுபோய், ஒரு ஓரம் தொங்கத் தொங்க நாலு வருஷம் படுத்து எழுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போய் அளந்துவிட்டு அங்கேயே வாங்குங்கள். அட்மிஷன் வாரத்தில் கல்லூரி வாசலில் விற்கிறவர்கள் விலையை ஏற்றித்தான் சொல்வார்கள், முடிந்தால் டவுன்ஹால், ஒப்பணக்கார வீதி பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தை சொகுசுதான், ஆனால் அதை அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். பெண்கள் விடுதிகள் பலவற்றில் மொட்டை மாடிக் கதவு எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். மடிக்கிற மாதிரி மெல்லிய ஃபோம் மெத்தையும், கழற்றித் துவைக்கிற மாதிரி உறை இரண்டும் போதும்.

அப்புறம் உடுப்பு. உங்கள் ஊர் வெயிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குக் காற்று விடாமல் வீசும், சாரலும் இருக்கும், ராத்திரியில் கனமான போர்வை கேட்கும். காட்டன் சுடிதார் அந்தக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும், கிளிப் போடாவிட்டால் அடுத்த பிளாக் வாசலில் போய்த் தேட வேண்டியிருக்கும். அதனால் சுடிதாரில் ஒன்று குறைந்தாலும் துணிக் கிளிப்பில் குறைக்காதீர்கள். கல்லூரிக்கு ஒரு வாரத்துக்கு ஆகிற மாதிரி ஆறு ஏழு செட், அறையில் போட மூன்று, விசேஷத்துக்கு ஒன்று. பட்டுப்புடவை, அதற்கு மேட்ச்சாக வளையல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நகை ஒரு குண்டுமணிகூட வேண்டாம். கம்மல் காதில் இருப்பது போதும், அதுவும் முடிந்தால் கவரிங்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு மட்டும் இந்த முறை நாலு கடிதம். கோயம்புத்தூரில் வாளி கிடைக்காதா என்ன? ஆனாலும் காரில் போவதாக இருந்தால் கொண்டுபோவதே நல்லது, காரணம் அது ஒரு பை. மக், சோப்பு டப்பா, துவைக்கிற பிரஷ், நைலான் கயிறு, கிளிப், செருப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் போனால் விட்டுவிடுங்கள், இறங்குகிற இடத்தில் கைப்பிடி கழன்று கையோடு வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சின்னப் பை. முதல் ராத்திரிக்குத் தேவையானது மட்டும் அதில்: படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு, நைட்டி, பல் தேய்க்கிற சாமான், தண்ணீர் பாட்டில், சார்ஜர், பூட்டு, கொசுவத்தி அல்லது மடக்குக் கொசுவலை, ஒரு பழைய துணி. அந்தப் பழைய துணி எதற்கென்றால், போன வருஷத்துப் பிள்ளை விட்டுப்போன தூசியை அலமாரித் தட்டிலிருந்து துடைக்க. நீங்கள் கிளம்பும்போது மணி ஐந்தாகிவிடும், அதற்கு மேல் அவள் ஆறு பையையும் அவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மொத்தத்தில், இப்போது கொண்டுபோவது முதல் லீவு வரைக்கும் ஓடினால் போதும். ஆயுதபூஜைக்கோ தீபாவளிக்கோ வரும்போது எது இல்லாமல் கஷ்டப்பட்டேன் என்று அவளே சொல்வாள், இரண்டாவது நடையில் கொடுத்தனுப்புங்கள். தொடாமல் கிடந்ததைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் எல்லாம் நாலாவது வருஷம் வரைக்கும் கட்டிலுக்கடியிலேயே கிடக்கும்.

சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். மகன் கையில் கொடுத்து அனுப்பப் பயமாக இருக்கிறது. லேமினேட் செய்து கொடுக்கலாமா?
— வாசகர், மன்னார்குடி

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். நாளைக்கு வெளிநாடு போக அட்டெஸ்டேஷன் வாங்கப் போனால் சான்றிதழின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. தெளிவான பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், அது போதும்.

ஒரிஜினலைச் சரிபார்ப்பது வேறு, வாங்கி வைத்துக்கொள்வது வேறு. மாணவர் முன்னிலையில் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. நடைமுறையில் டி.சி.யைப் பெரும்பாலான கல்லூரிகள் வாங்கிக்கொள்ளும். மார்க் ஷீட்டையும் கேட்டால், எதற்கு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று மரியாதையாகக் கேளுங்கள், கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து உங்கள் மெயிலுக்கும் அவன் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சேர்க்கை அன்று நீங்களும் கூடப் போகிறீர்கள்தானே? அப்படியானால் ஃபைல் உங்கள் கையில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் ஒரிஜினலை ஊருக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். விடுதி அலமாரியில் ஒரிஜினல் சான்றிதழுக்கு ஒரு வேலையும் இல்லை. அவனிடம் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களின் நகல்கள் நாலைந்து செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு கொத்து, பேங்க் பாஸ்புக். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவன் என்றால் பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கக் கல்லூரியில் கேட்பார்கள், அந்தப் பணம் போய்ச் சேர அவன் பெயரிலேயே ஆதார் இணைத்த கணக்கு இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதேதான்.

ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவத்தை மாணவரும் பெற்றோரும் நிரப்ப வேண்டியிருக்கும், அதை ஏதோ சடங்கு மாதிரி கையெழுத்துப் போட்டுத் தள்ளாமல் படித்துப் பாருங்கள். ராகிங் புகாருக்கான இலவச எண் 1800-180-5522. அவன் போனில் சேமித்துக் கொடுங்கள், உங்கள் போனிலும்.

மகனுக்குப் பலகாரம் செய்து கொடுத்தனுப்ப வேண்டும். எது நாள்பட நிற்கும்? மெஸ் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்குமா என்று கவலை.
— வாசகி, காரைக்குடி

மெஸ் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்காது, எல்லோரும் சாப்பிடுவார்கள். இரண்டு மாதத்தில் உங்கள் மகனும் சாம்பாரைக் கிண்டல் செய்துகொண்டே மூன்றாவது தடவை சோறு வாங்குவான்.

காரைக்குடிக்காரருக்கு நான் பலகாரம் சொல்லித்தர முடியாது, ஆனால் எது தாங்கும் என்று மட்டும் சொல்கிறேன். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்த சீப்புச் சீடை முதல் வாரத்திலேயே காலியாக வேண்டும், நாளாக ஆக வாடை வந்துவிடும். பச்சரிசித் தேன்குழல் அதைவிடத் தாங்கும். மாவுருண்டை பயணத்தில் உதிரும், இறுக்கிப் பிடித்து அகலமான டப்பாவில் ஒரே அடுக்காக வையுங்கள். எதுவானாலும் நன்றாக ஆறிய பிறகுதான் மூடி போட வேண்டும், கிளம்புகிற அன்று காலையில் சுட்டுச் சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து நமத்துப்போகும்.

நான் பலகாரத்தைவிடப் பொடிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி மூன்றும் மெஸ் சோற்றையும் மெஸ் இட்லியையும் காப்பாற்றும். தேங்காய் சேர்க்காமல், பூண்டைத் தவிர்த்து, பருப்பை நிறம் மாற வறுத்து அரைத்தால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. எள்ளுப்பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கொஞ்சமாகக் கொடுங்கள். புளிக்காய்ச்சல் எண்ணெய் மேலே மிதக்கிற பதத்தில் இருந்தால் நிற்கும், தக்காளித் தொக்கை அவ்வளவு நம்ப முடியாது. பெரிய ஜாடியில் மொத்தமாகக் கொடுக்காமல் சின்னச் சின்ன பாட்டிலாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பாட்டிலுக்குள் எவனாவது ஈரக் கரண்டியை விட்டால் அந்த ஒன்றோடு போகும். விடுவான், அறைத்தோழன் எவனாவது நிச்சயம் விடுவான்.

அவனுக்கு மட்டும் என்று அளந்து கொடுக்காதீர்கள். டப்பா திறந்த முதல் நாளே அந்த மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள், புதுப் பையனுக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. எறும்பு வராமல் இருக்க மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா, அதையும் கட்டிலுக்கடியில் தரையில் வைக்காமல் அலமாரிக்குள். சாக்பீஸ் மாதிரி இருக்கிற எறும்பு மருந்துக் கட்டியைச் சாப்பாட்டு டப்பாவைச் சுற்றிக் கோடு போட வேண்டாம், அது விஷம்.

மகன் காபி இல்லாமல் எழமாட்டான். எலெக்ட்ரிக் கெட்டில் கூடாதென்று விடுதியில் சொல்கிறார்கள். சின்னதுதானே, துணிக்குள் வைத்துக் கொடுத்தனுப்பலாமா?
— வாசகர், தருமபுரி

வேண்டாம். பிடிபட்டால் அபராதம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் சாதாரணமாக 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். கடையில் விற்கிற கெட்டில்களில் பலது 1,500 வாட். அந்தப் பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, அதில் இரண்டு லேப்டாப், மூன்று போன், கூடவே கெட்டில் என்று போட்டால் வயர் சூடாகி உருகும். வாட்டர் ஹீட்டர் கம்பி, இன்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் இதே கணக்குதான்.

நல்ல பிளாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள், ராத்திரி மெஸ்ஸிலேயே வெந்நீர் பிடித்துவைத்துக்கொண்டால் காலையில் இன்ஸ்டன்ட் காபிக்கு ஆகும். சூடு குறைந்துதான் இருக்கும். காபி பிடிக்கவில்லையென்றால் கீழே இறங்கிப் போய்க் குடிப்பான், எட்டு மணி வகுப்புக்கும் நேரத்துக்குப் போவான்.

மகனுக்கு டெல்லியில் இடம். ஜூலை கடைசியில் ரயிலில் கிளம்புகிறோம். ஸ்வெட்டர், கம்பளி, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா? எவ்வளவு லக்கேஜ் அனுமதி?
— வாசகி, நாகர்கோவில்

ஜூலையில் டெல்லி இறங்கினால் கம்பளியைப் பார்க்கவே எரிச்சல் வரும், அப்படிப் புழுங்கும். குளிர் உறைக்க நவம்பர் ஆகிவிடும், டிசம்பர் ஜனவரியில்தான் ராத்திரி வெப்பம் 5, 6 டிகிரிக்கு இறங்கும். அதற்கு நாகர்கோவில் கடையில் கிடைக்கிற ஸ்வெட்டர் ஊட்டிக்கு ஒரு நாள் டூர் போகத்தான் சரி. டெல்லியில் அக்டோபர் கடைசியிலேயே தெருவெல்லாம் ரஜாய்க் கடையும் உல்லன் கடையும் போட்டுவிடுவார்கள், சீனியர் பையன்களோடு போய் வாங்கிக்கொள்ளட்டும். அந்தப் பணத்தைத் தனியாகக் கணக்கில் போட்டுவிடுங்கள். இங்கிருந்து ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை, ஒரு காதுமூடி, இரண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலாக, அவ்வளவே. எண்ணெய் ஒரு பாட்டில் வையுங்கள், குளிரில் தோல் வெடிக்கும்போது உதவும், தேங்காயெண்ணெய் உறைந்துபோகும் என்பதால் வாய் அகலமான பாட்டிலாகப் பார்த்து.

ரயிலில் ஸ்லீப்பரிலும் தேர்டு ஏசியிலும் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ, செகண்ட் ஏசியில் 50 கிலோ இலவசம். மூன்று பேர் போனால் எடை பிரச்சினையே இல்லை, பெட்டியின் அளவுதான் பிரச்சினை. ரயில் பெட்டிக்குள் கொண்டுபோக 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் வரைக்கும்தான் அனுமதி, தேர்டு ஏசியில் அதைவிடச் சின்னது, 55-க்கு 45-க்கு 22.5. தாத்தா காலத்து டிரங்க் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் சீட்டுக்கு அடியில் நுழையாது. அதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் முன்கூட்டியே ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் கொடுத்து லக்கேஜ் வேனில் ஏற்றுங்கள். உங்கள் ஊர் வழியாகவே திருக்குறள் எக்ஸ்பிரஸ் டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷன் வரை போகிறது, ஏறக்குறைய இரண்டு நாள் பயணம், வழியில் பெட்டியை மாற்றி ஏற்றுகிற வேலை இல்லை.

சங்கிலியும் பூட்டும் எடுத்துப்போய் பெட்டியை சீட்டுக்கடியில் இருக்கும் வளையத்தோடு பூட்டுங்கள். லேப்டாப்பும் சான்றிதழும் இருக்கிற பை மட்டும் தலைமாட்டில்.

நான்தான் கல்லூரிக்குப் போகப்போகிறேன். ஆனால் அம்மா எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு "நீ சும்மா இரு" என்கிறார். எந்தப் பையில் எது இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?
— மாணவி, ராமநாதபுரம்

கொஞ்சம் நோகத்தான் செய்யும்மா, அதைத் தவிர்க்க வழி கிடையாது. மேலே கேட்டிருக்கிற அப்பா அம்மாக்களையும் இந்தக் கேள்வியைப் படிக்கச் சொல்கிறேன். அங்கே போய்ப் பையைத் திறக்கப்போவது நீ, அதனால் அடுக்க வேண்டியதும் நீதான்.

வேலையைப் பிரித்துக்கொள். சாப்பாட்டுப் பையையும் மருந்து டப்பாவையும் அம்மாவிடம் விட்டுவிடு, அவருக்கும் கை சும்மா இருக்க முடியாது. துணி, பேப்பர், சார்ஜர், குளியல் சாமான் உன் பொறுப்பு. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், ராத்திரி வேண்டாம், ராத்திரியில் எல்லோருக்கும் கண் கலங்கும், எல்லாப் பையையும் கொட்டி நீயே திரும்ப அடுக்கு. எதற்கு என்று உனக்கே தெரியாத பொருள் வந்தால் அம்மாவைக் கேள். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று பதில் வந்தால் அதை வெளியே எடுத்து வை. ஒவ்வொரு பையிலும் என்ன இருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

நாப்கின் இரண்டு மாதத்துக்கு வாங்கிக்கொள், சுற்றிப்போடப் பழைய செய்தித்தாளும் சேர்த்து. உள்ளாடை மட்டும் கணக்குப் பார்க்காமல் அதிகமாகவே எடு, மழை நாளில் காயாது. மருந்து டப்பாவில் எது எதற்கு, எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடமே வாங்கு. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., பேண்ட் எய்டு, தலைவலித் தைலம், உனக்கு வழக்கமாக மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மாத்திரை, இவ்வளவு போதும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அரைக் கிளாஸ் தண்ணீரில் கலக்காதே, எவ்வளவு தண்ணீருக்கு என்று அதன் மேலேயே போட்டிருக்கும், பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. போன காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப்பை அம்மா வைத்திருந்தால் எடுத்துவிடு, சொல்லிவிட்டே எடு.

துண்டு, படுக்கை விரிப்பு, வெள்ளை கோட் இதிலெல்லாம் ஓரத்தில் ஏதாவது ஒரு கலர் நூலால் நாலு தையல் போட்டு அடையாளம் வை. மார்க்கர் பேனாவில் எழுதினால் நாளாக ஆக வெளுக்கும்.

மகனின் விடுதி அலமாரிக்குப் பெரிய பூட்டாக வாங்கிவிட்டோம். வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?
— வாசகர், ஓசூர்

பூட்டை அலமாரியைப் பார்த்த பிறகு வாங்கியிருக்கலாம். விடுதி அலமாரிகளில் கொண்டி வளையம் சின்னதாக இருக்கும், பெரிய பூட்டின் கம்பி நுழையாது. கடைக்காரரிடம் பில்லைக் காட்டி, மாற்றித் தருவாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி வரும். ஒன்று அவன் ஐடி கார்டு கயிற்றில், ஒன்று வேறு அறையில் இருக்கும் நண்பனிடம், மூன்றாவது பர்ஸில். ஓசூரில் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிற சாவியால் ராத்திரி பதினொரு மணிக்கு அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று, கட்டிலில் மெத்தையைப் போடுவதற்கு முன்னால் பலகை இடுக்கிலும் மூலையிலும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளி புள்ளியாக இருந்தால் மூட்டைப்பூச்சி. அன்றைக்கே வார்டனிடம் சொல்லிக் கட்டிலை மாற்றிக் கேளுங்கள், எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு மாற்றுக் கட்டில் கிடைக்காது.